பந்தை விடுங்கள், ரிசீவரைப் பாருங்கள்: காலேஜ் ஃபுட்பாலில் நல்ல வைட் ரிசீவரைக் கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

காலேஜ் ஃபுட்பால், அதாவது அமெரிக்கக் கல்லூரிகள் ஆடும் அமெரிக்கன் ஃபுட்பால், பார்க்கத் தொடங்கும் யாருக்கும் முதலில் பிடித்துப்போவது, ஓடிப்போய் பந்தைப் பிடிக்கும் வைட் ரிசீவரைத்தான். ஆட்டத்தை நடத்தி பந்தை எறியும் குவார்ட்டர்பேக் எறிந்த பந்து 40 யார்டு பறக்கிறது, ஒருவர் எகிறி ஒற்றைக் கையில் அதைப் பறிக்கிறார், அரங்கமே எழுந்து கத்துகிறது. மறுநாள் அந்தப் பத்து விநாடிக் காணொளி எல்லார் ஃபோனிலும் ஓடும். ரசிப்பதில் தப்பே இல்லை. ஆனால் அதை மட்டும் வைத்து "ஆள் பிரமாதம்" என்று முடிவுகட்டினால் பல நேரம் ஏமாந்துபோவோம். அப்படி எகிற வேண்டி வந்ததே, காவலுக்கு வந்தவரை உதறிவிட்டு வர அவருக்குத் தெரியாததால் என்று இருக்கலாம்.

ஓர் ஆட்டத்தில் ஓர் அணி சுமார் 70 முறை பந்தை எடுத்து ஆடும்; ஒவ்வொரு முறையும் ஒரு ப்ளே. அதில் நல்ல ரிசீவர் ஒருவருக்கு ஏழெட்டு கேட்ச் கிடைத்தாலே பெரிய விஷயம். மீதி அறுபது ப்ளேயில் அவர் என்ன செய்கிறார் என்று பார்ப்பதுதான் இந்த வழிகாட்டியின் வேலை. பந்தைப் பிடிப்பது அவர் வேலையின் கடைசிப் பகுதி. தரம் அதற்கு முன்பே தெரிந்துவிடும்.

டிவி இதற்கு அவ்வளவாக உதவாது. கேமரா பந்தின் பின்னாலேயே போகும். ரிசீவர்கள் பத்து யார்டு ஓடியதும் திரையை விட்டு மறைந்துவிடுவார்கள். ரீப்ளே வரும்போது உற்றுப் பார்க்க வேண்டும். நேரில் போகிறவர்களுக்கு ஒரு யோசனை: உயரமான இருக்கை, முடிந்தால் மைதானத்தின் முனையிலுள்ள கோல் பகுதியான எண்ட் ஸோனுக்குப் பின்னால். பல பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்கு ஒதுக்கும் இடமே அந்தப் பக்கம்தான் இருக்கும். மோசமான சீட் என்று நம்மவர்கள் சலித்துக்கொள்வார்கள். ரிசீவரைப் பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது.

முதலில் கொஞ்சம் விதி

அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். பார்த்துப் பழகியவர்கள் நாலு வித்தியாசங்களை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

காலேஜில் பந்தைப் பிடித்தபின் ஒரு கால் கோட்டுக்குள் பட்டால் கேட்ச் செல்லும். என்.எஃப்.எல்.லில் இரண்டு காலும் படவேண்டும்.

காலேஜில் முழங்கால் தரையைத் தொட்டுவிட்டால் அந்த ப்ளே அதோடு முடிந்தது. எதிராளி தொட்டிருக்க வேண்டும் என்பதில்லை. தடுக்கி விழுந்து, எழுந்து ஓடுவதெல்லாம் இங்கே நடக்காது.

பந்து வரும்போது ரிசீவரை இழுத்துப் பிடித்தால் காலேஜில் தண்டனை அதிகபட்சம் 15 யார்டும் ஒரு புதிய ஃபர்ஸ்ட் டவுனும் (பத்து யார்டு முன்னேற மறுபடி நாலு வாய்ப்பு; ஒவ்வொரு வாய்ப்பும் ஒரு டவுன்). என்.எஃப்.எல்.லில் எந்த இடத்தில் குற்றம் நடந்ததோ அந்த இடத்துக்கே பந்து போய்விடும். 50 யார்டு தள்ளி டச் டவுன் (பந்தை எண்ட் ஸோனுக்குள் கொண்டுபோய்ப் புள்ளி எடுப்பது) போகப்போகிறது என்று தெரிந்தால், ரிசீவரைக் காக்கும் காலேஜ் கார்னர்பேக் கணக்குப் போட்டே சட்டையைப் பிடித்து இழுக்கலாம். அதையும் மீறிப் பிடிக்கிற வலு ரிசீவருக்கு வேண்டும்.

நாலாவது, ப்ளே தொடங்கும் இடம். மைதானத்தின் அகலம் இரண்டிலும் ஒன்றுதான், 160 அடி. ஆனால் ப்ளே தொடங்கும் இடத்தைக் குறிக்கும் ஹாஷ் கோடுகள் காலேஜில் 40 அடி இடைவெளியில் இருக்கின்றன, என்.எஃப்.எல்.லில் அது 18 அடி 6 அங்குலம். அதனால் காலேஜில் பந்து ஒரு ஓரமாக இருந்தால், ஒரு பக்கம் பெரிய வெளியாகவும் மறுபக்கம் சந்து மாதிரியும் ஆகிவிடும். இதன் விளைவை அடுத்த படியில் பார்ப்போம்.

படி 1: எங்கே நிற்கிறார் என்று பாருங்கள்

பொதுவாக மூன்று வகை. ப்ளே தொடங்கும் கோட்டின் மேலேயே, ஓரத்தில் தனியாக நிற்பவர் எக்ஸ். அவருக்கு நேர் எதிரே கார்னர்பேக் மூக்கோடு மூக்கு உரச நிற்கலாம். தப்பிக்க இடமில்லாததால் இந்த வேலைக்கு உடம்பும் முரட்டுத்தனமும் தேவை. கோட்டிலிருந்து ஓரடி பின்தள்ளி நிற்பவர் ஸீ. அவர் பந்து ஸ்னாப் ஆகும் முன், அதாவது குவார்ட்டர்பேக்குக்குப் பந்து கொடுக்கப்பட்டு ப்ளே தொடங்கும் முன், இங்குமங்கும் நகரலாம், அதனால் அவரை நெருக்கிப் பிடிப்பது கொஞ்சம் கஷ்டம். குவார்ட்டர்பேக்கைக் காக்கும் லைன்மேன்களுக்கும் ஓர ரிசீவருக்கும் நடுவில் நிற்பவர் ஸ்லாட். அவருக்கு இரண்டு பக்கமும் வழி உண்டு, ஆனால் நடுவில் காக்கும் லைன்பேக்கர்களும் ஆழத்தில் காக்கும் சேஃப்டிகளும் மோதும் நெரிசலுக்குள் போயாக வேண்டும்.

சந்து மாதிரியான அந்தக் குறுகிய பக்கத்தில் யாரைத் தனியாக நிறுத்துகிறார்கள் என்று கவனியுங்கள். அந்த அணியின் பயிற்சியாளர் யாரை அதிகம் நம்புகிறார் என்பதை அது பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரே இடத்தில் மட்டும் ஆடத் தெரிந்தவரைவிட இடம் மாறி ஆடத் தெரிந்தவர் மேல். ஜஸ்டின் ஜெஃபர்சன் 2018-ல் எல்.எஸ்.யு.வில் (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) பெரும்பாலும் ஓரத்தில் ஆடி 54 கேட்ச் பிடித்தார். அடுத்த ஆண்டு அவரை ஸ்லாட்டுக்கு மாற்றினார்கள்; 111 கேட்ச், 1,540 யார்டு, 18 டச் டவுன். அந்த அணி 15 ஆட்டத்தில் ஒன்றுகூடத் தோற்கவில்லை. ஜோ பர்ரோ மாதிரி ஒரு குவார்ட்டர்பேக் இருந்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

படி 2: முதல் இரண்டு காலடி

இங்கேதான் நிறைய நேரம் செலவழிக்கச் சொல்வேன். ஸ்னாப் ஆனதும் ரிசீவரின் கால்களை மட்டும் பாருங்கள், பந்து எங்கே வேண்டுமானாலும் போகட்டும். ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே வைத்து, எடை முழுவதும் முன்காலில் இருக்கும்படி நிற்பார். ஸ்னாப் ஆனதும் நல்லவருக்கு அந்த முன்கால் தரையை உந்தும், உடம்பு முன்னால் பாயும். சுமாரானவர் முன்காலை முதலில் கொஞ்சம் பின்னுக்கு எடுத்துவைத்து அப்புறம் ஓடுவார். கண்ணிமைக்கும் நேர நஷ்டம்தான். ஆனால் கார்னர்பேக்குக்கு அது போதும்.

எதிரே ஆள் நெருங்கி நின்றால் அதற்குப் பெயர் பிரஸ். கார்னர்பேக் ஸ்னாப் ஆனதும் இரண்டு கையாலும் மார்பில் குத்தி ரிசீவரை நிறுத்தப் பார்ப்பார். ஐந்து யார்டு தாண்டினால் தொடக்கூடாது என்ற என்.எஃப்.எல். விதி காலேஜில் இல்லாததால் இந்தக் கைகலப்பு இன்னும் கொஞ்ச தூரம் நீளும். இதிலிருந்து விடுபடுவதைத்தான் ரிலீஸ் என்கிறார்கள். கபடியில் ரெய்டர் ஒரு பக்கம் தோளைச் சாய்த்துக் காட்டிவிட்டு மறுபக்கம் பாய்வாரே, அதே வித்தைதான். தோளும் இடுப்பும் பொய் சொல்லவேண்டும், கால் உண்மையான திசையில் போகவேண்டும்.

கவனிக்க வேண்டியவை இவை. ஒன்று, அவர் நகர்வது பக்கவாட்டிலா முன்னோக்கியா. நின்ற இடத்திலேயே நாலு குத்தாட்டம் போட்டுவிட்டு ஓடுகிறவர்கள் காணொளியில் அழகாக இருப்பார்கள். அதற்குள் குவார்ட்டர்பேக்கின் மேல் இரண்டு பேர் விழுந்திருப்பார்கள். இரண்டு, கை. எதிராளியின் கை தன்மேல் படும்போது அதைத் தட்டிவிடுகிறாரா, அல்லது மார்பைக் கொடுத்துவிட்டு முட்டிக்கொண்டு நிற்கிறாரா. மூன்று, தாண்டியபின் என்ன செய்கிறார். நல்ல ரிசீவர் எதிராளியைத் தாண்டியதும் சட்டென அவருக்கு நேர் முன்னால் வந்து ஓடுவார். கார்னர்பேக் இப்போது முதுகுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார். பந்தைத் தொட வேண்டுமானால் ரிசீவரின் உடம்பைத் தாண்டித்தான் வரவேண்டும்.

இதை ஒரே ஆட்டத்தில் பார்க்க வேண்டுமானால், 2020 ஜனவரி 13 அன்று நியூ ஆர்லியன்ஸில் நடந்த தேசிய இறுதி ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள். ரிசீவர் எல்.எஸ்.யு.வின் ஜமார் சேஸ், எதிரே கார்னர்பேக் கிளெம்சனின் ஏ.ஜே. டெரல். டெரல் சாதாரண ஆள் இல்லை. மூன்று மாதம் கழித்து, என்.எஃப்.எல். அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் முதல் சுற்றிலேயே போனவர். சேஸ் அன்று 9 கேட்ச், 221 யார்டு, 2 டச் டவுன். அவர் ரொம்ப உயரமானவரும் இல்லை, 6 அடிதான். கையை உதறுகிற வேகம், தோளின் வலு, தாண்டியதும் முன்னால் வந்து வழியை அடைக்கிற பழக்கம் மூன்றையும் அன்று பார்க்கலாம்.

ஓரக்கோட்டை ஒட்டி நேராக ஓடும் ஆழமான ரூட்டில் இன்னொரு நுணுக்கம் உண்டு. கார்னர்பேக் ரிசீவரைக் கோட்டுப் பக்கமாகவே தள்ளிக்கொண்டு போவார். அனுபவமில்லாதவர் தள்ளுக்கு இடம் கொடுத்து கோட்டை ஒட்டிப்போய்விடுவார். பந்து விழ இடமே இருக்காது. விஷயம் தெரிந்தவர் கோட்டுக்கும் தனக்கும் நடுவே நாலைந்து யார்டு வெளியை விடாமல் காப்பாற்றிக்கொண்டே ஓடுவார். குவார்ட்டர்பேக் பந்தைப் போடப்போவது அந்த வெளியில்தான்.

படி 3: ரூட் ஓடும் விதம்

ரூட் என்பது ஒவ்வொரு ப்ளேயிலும் ரிசீவர் ஓட வேண்டிய பாதை. மூன்று அடி எடுத்துவைத்துக் குறுக்கே வெட்டினால் ஸ்லான்ட். 12 யார்டு போய்த் திரும்பிப் பந்தை நோக்கி வந்தால் கர்ல். ஓரக்கோட்டுப் பக்கம் செங்குத்தாகத் திரும்பினால் அவுட், நடுப்பக்கம் திரும்பினால் டிக். ஆழத்தில் கோல் கம்பத்தை நோக்கிச் சாய்ந்தால் போஸ்ட், மூலையை நோக்கிச் சாய்ந்தால் கார்னர். திரும்பாமல் போய்க்கொண்டே இருந்தால் கோ. இப்படி ஏழெட்டு அடிப்படை வடிவங்கள்தான். மற்றதெல்லாம் இவற்றின் கலவை.

பாதையைத் தெரிந்துவைத்திருப்பது சுலபம். எல்லாப் பாதையையும் ஒரே மாதிரி தொடங்குவதுதான் கஷ்டம். கோ ரூட்டில் முழு வேகத்தில் பாய்கிறவர், கர்ல் ரூட்டில் கொஞ்சம் சோம்பலாகத் தொடங்கினால் கார்னர்பேக் இரண்டாவது ப்ளேயிலேயே கண்டுபிடித்துவிடுவார். முதல் பத்து யார்டு வரை அடுத்து எந்தப் பக்கம் திரும்பப் போகிறார் என்று உங்களாலேயே யூகிக்க முடிந்தால் அவர் இன்னும் தேறவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து திரும்பும் இடம். முழு வேகத்தில் வருகிறவர் இரண்டு மூன்று காலடிக்குள் நின்று திரும்ப வேண்டும். இடுப்பு தாழும், முழங்கால் மடியும், மார்பு பாதத்துக்கு நேர் மேலே இருக்கும். மோசமான ரிசீவருக்கு இடுப்பு தாழாது. உடம்பு பின்னால் சாயும், ஐந்தாறு காலடி தடதடவென்று போட்டு வேகத்தைக் குறைப்பார். கைகளையும் பாருங்கள். திரும்புவதற்கு முன்பே கை வீச்சு நின்றுபோனால் அது கார்னர்பேக்குக்குத் தந்தி அடித்த மாதிரி.

டிக் ரூட்டில் ஒரு சுலபச் சோதனை: செங்குத்தாக வெட்டுகிறாரா, வளைந்து போகிறாரா? வளைந்தால் பின்னால் வருகிறவர் குறுக்கே பாய்ந்து பந்தைத் தட்டிவிடுவார். கர்ல் ரூட்டில் வேறொரு சோதனை: திரும்பி நின்று பந்துக்காகக் காத்திருக்கிறாரா, பந்தை நோக்கி வருகிறாரா? நின்றால் பின்னாலிருந்து ஒரு கை வந்துவிடும். காலேஜில் இண்டர்செப்ஷன் ஆகும், அதாவது எதிரணி பிடித்துவிடும் பந்துகளில் கணிசமானவை குவார்ட்டர்பேக் கணக்கில் எழுதப்பட்டாலும், உண்மையில் நின்று வேடிக்கை பார்த்த ரிசீவரின் தவறு என்பது என் அபிப்பிராயம்.

ஆழமும் துல்லியமாக இருக்கவேண்டும். 12 யார்டில் திரும்ப வேண்டிய ரூட்டை 10-லேயே திருப்பினால் பலன் இல்லை. குவார்ட்டர்பேக் பல ரூட்டுகளில் ரிசீவர் திரும்புவதற்கு முன்பே பந்தை விட்டுவிடுகிறார். ஆள் இல்லாத இடத்துக்கு எறிகிறார். ஆள் அங்கே இருப்பார் என்ற நம்பிக்கைதான். அந்த நம்பிக்கை இரண்டு முறை பொய்த்தால் மூன்றாவது முறை பந்து வேறு ஆளுக்குப் போய்விடும்.

ஒஹாயோ ஸ்டேட்டின் ஜாக்ஸன் ஸ்மித்-என்ஜிக்பா இந்தப் படிக்கு நல்ல பாடம். 2022 ஜனவரி 1, ரோஸ் போல், எதிரணி யூட்டா. அணியின் மற்ற இரு நட்சத்திர ரிசீவர்களான கிறிஸ் ஒலாவேயும் கேரட் வில்சனும் டிராஃப்டை மனதில் வைத்து அன்று ஆடவில்லை. எதிரணியின் கவனம் முழுக்க இவர்மேல் இருந்திருக்கும். 15 கேட்ச், 347 யார்டு, 3 டச் டவுன், 48-45 வெற்றி. பெரும்பாலும் ஸ்லாட்டிலிருந்துதான். இவர் புயல் வேக ஓட்டக்காரர் என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் டிராஃப்டுக்கு முந்தைய சோதனையில், ஓடித் திரும்பி ஓடும் 20 யார்டு ஷட்டிலை 3.93 விநாடியிலும், மூன்று கூம்புகளைச் சுற்றும் ஓட்டத்தை 6.57 விநாடியிலும் முடித்தார். திரும்பும் திறமைக்கு அந்த எண்களே சாட்சி.

படி 4: எதிரணியைப் படிக்கத் தெரிகிறதா

ஸ்னாப்புக்கு முன் ரிசீவரின் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பாருங்கள். முதலில் பக்கவாட்டில் நிற்கும் பயிற்சியாளர்களைப் பார்ப்பார். காலேஜில் பல அணிகள் கூடிப் பேசாமல், கைச்சைகையாலும் படம் போட்ட பெரிய பலகைகளாலும்தான் ப்ளேயை அறிவிக்கின்றன. 2024 முதல் குவார்ட்டர்பேக் ஹெல்மெட்டுக்குள் ரேடியோ வந்துவிட்டது. ரிசீவருக்கு இன்னும் கண்தான் ரேடியோ. அப்புறம் ஓரக்கோட்டு நடுவரைப் பார்த்து, தான் கோட்டின் மேல் நிற்கிறோமா என்று கையைக் காட்டி உறுதிசெய்துகொள்வார். அதன் பிறகு சேஃப்டிகளை எண்ணுவார். ஆழத்தில் ஒருவரா, இருவரா?

ஆளுக்கு ஆள் காவலா, இடத்துக்கு இடம் காவலா என்பதை அவர் அதிலிருந்து ஊகிக்கத் தொடங்குகிறார். ஆள் காவல் என்றால் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும், நின்றால் காவலுக்கு வந்தவர் பிடித்துவிடுவார். இடக் காவல் என்றால் இரண்டு பேருக்கு நடுவில் இருக்கும் காலி இடத்தில் நின்றுவிட வேண்டும், ஓடினால் அடுத்தவரின் வட்டாரத்துக்குள் தானாகவே போய் விழுவார். பயிற்சியாளர்கள் ஹால் மம்மியும் மைக் லீச்சும் பரப்பிய, பந்தை எறிந்தே ஆடும் ஏர் ரெய்டு பாணியில் மெஷ் என்றொரு ப்ளே உண்டு. இரண்டு ரிசீவர்கள் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து ஓடிவந்து, கை நீட்டினால் தொடும் தூரத்தில் ஒருவரையொருவர் கடப்பார்கள். ஆள் காவலாக இருந்தால் காவலர்கள் ஒருவரோடொருவர் முட்டிக்கொள்வார்கள், ரிசீவர் ஓட்டத்தைத் தொடர்வார். இடக் காவலாக இருந்தால் கடந்தபின் காலி இடத்தில் நின்றுகொள்வார். அதை ஓடும்போதே, குவார்ட்டர்பேக்கும் ரிசீவரும் ஒரே நேரத்தில், ஒரே மாதிரி முடிவெடுக்க வேண்டும். பந்து ஒரு பக்கமும் ரிசீவர் மறுபக்கமும் போனால், இருவரில் ஒருவர் தப்பாகப் படித்திருக்கிறார் என்று அர்த்தம்.

குவார்ட்டர்பேக் துரத்தப்பட்டு ஓடத் தொடங்கும்போதும் பாருங்கள். ஆழத்தில் இருப்பவர் திரும்பி அவரை நோக்கி வரவேண்டும், அருகில் இருப்பவர் ஆழத்துக்கு ஓடவேண்டும். "என் ரூட் முடிந்தது" என்று இடுப்பில் கைவைத்து நிற்பவரை உடனே மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 5: கை

கழுத்துக்கு மேலே வரும் பந்துக்குக் கட்டைவிரல்கள் சேரவேண்டும், இடுப்புக்குக் கீழே வருவதற்குச் சுண்டுவிரல்கள் சேரவேண்டும். உடம்பிலிருந்து தள்ளியே விரல்களால் பிடிக்க வேண்டும். மார்பில் மோதவிட்டுக் கட்டிப்பிடிக்கிறவர்கள் மழைநாளிலும் குளிரிலும் பந்தை நழுவவிடுவார்கள்.

பந்து கைக்கு வந்தபின் கண் என்ன செய்கிறது? பந்து அக்குளுக்குள் போய் ஒளியும் வரை கண் அதன்மேல் இருக்கவேண்டும். கையில் நேராக வந்த பந்தைத் தவறவிடுவதற்கு முக்கியக் காரணம், பிடித்து முடிப்பதற்குள் எங்கே ஓடலாம் என்று தலையைத் திருப்புவதுதான்.

ஆழமான பந்துகளில் கையை எப்போது நீட்டுகிறார் என்பது நுட்பமான அளவுகோல். காவலுக்கு ஓடிவரும் கார்னர்பேக் பந்தைப் பார்ப்பதில்லை, ரிசீவரின் கையையும் கண்ணையும்தான் பார்க்கிறார். ரிசீவர் கை தூக்கினால் அவரும் தூக்குவார். அதனால் விஷயம் தெரிந்தவர்கள் பந்து வந்து சேரும் கடைசி நொடி வரை கையைக் கீழேயே வைத்து ஓடுவது மாதிரியே ஓடிவிட்டு, சட்டென நீட்டுவார்கள்.

இந்தத் திறமை பிறவியில் வருவதா, பயிற்சியில் வருவதா என்ற கேள்விக்கு இரண்டு பேரைச் சொல்லலாம். ஜெர்ரி ரைஸ் மிசிசிப்பியில் கொத்தனாரான அப்பாவுக்கு உதவியாக வேலை செய்தவர். சகோதரர்கள் கீழிருந்து தூக்கிப்போடும் செங்கற்களைப் பிடித்துப் பிடித்துத்தான் கை பழகியது என்று அவரே சொல்லியிருக்கிறார். அதன்பிறகு மிசிசிப்பி வேலி ஸ்டேட் என்ற சின்னக் கல்லூரியில் ஆடி, 1985-ல் முதல் சுற்று டிராஃப்டில் போனார். லாரி ஃபிட்ஸ்ஜெரால்டின் தாத்தா கண் பார்வை நிபுணர். பேரனுக்குச் சிறுவயதிலேயே கண்ணும் கையும் ஒத்துழைக்கும் பயிற்சிகளைக் கொடுத்தார். 2003-ல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்கு 92 கேட்ச், 1,672 யார்டு, 22 டச் டவுன். இப்போதெல்லாம் பந்தை உமிழும் இயந்திரத்தின் முன் பயிற்சிக்கு முன்னும் பின்னும் நிற்கிற பையன்கள்தான் அந்தச் செங்கல்லுக்கு வாரிசுகள்.

படி 6: கோட்டின் ஓரமும், பிடித்தபின் நடப்பதும்

2008 நவம்பர் 1, டெக்சஸின் லபக் நகரம். முதலிடத்தில் இருந்த டெக்சஸ் பல்கலைக்கழகம் 33-32 என்று முன்னிலை. எதிரணியான டெக்சஸ் டெக்கிடம் பந்து, டெக்சஸின் 28 யார்டு கோட்டில், 8 விநாடி மிச்சம். அதற்கு முந்தைய ப்ளேயில்தான் டெக்சஸ் சேஃப்டி கைக்கு வந்த பந்தைக் கோட்டைவிட்டிருந்தார். கிரஹாம் ஹாரல் வலது ஓரக்கோட்டுக்கு எறிந்தார். மைக்கேல் கிராப்ட்ரீ திரும்பிப் பந்தைப் பிடித்து, கோட்டுக்குள்ளேயே காலை ஊன்றி, இழுக்க வந்தவரை உதறி, உள்ளே நடந்து போய்விட்டார். ஒரு விநாடி மிச்சம், 39-33.

இங்கே கிராப்ட்ரீ கோட்டுக்கு வெளியே போயிருந்தாலும் ஒரு ஃபீல்ட் கோல் உதைத்து ஜெயிக்க வாய்ப்பு இருந்திருக்கும். ஆனால் காவலுக்கு வந்தவரை உதறிவிட்டு உள்ளே போய்விடலாம் என்பதைப் பிடித்த கணத்திலேயே உணர்ந்த மாதிரி ஆடினார். இந்த உணர்வைத்தான் தேட வேண்டும்: பிடித்த பிறகு நின்று யோசிக்காமல், பிடிக்கும்போதே அடுத்த அடி எங்கே என்று தெரிந்திருப்பது. ஸ்லான்ட் அல்லது ஸ்கிரீன் மாதிரிக் குட்டைப் பந்துகளில் இது இன்னும் அதிகம் தெரியும். மூன்று யார்டு பாஸ் பதினைந்தாக மாறுவது இங்கேதான்.

பந்தைக் கையில் வைத்திருக்கும் விதமும் முக்கியம். விரல்கள் முனையை மூடியிருக்க வேண்டும், பந்து முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே அழுந்தியிருக்க வேண்டும். கோடு தாண்டும் வரை அது கையிலேயே இருக்கவேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா என்று கேட்கலாம். 2014 நவம்பர் 8 அன்று யூட்டாவின் கேலின் கிளே, ஆரிகனுக்கு எதிராக நீளமான பாஸைப் பிடித்துத் தனியாக ஓடி, கொண்டாடும் அவசரத்தில் கோட்டுக்கு ஒரு யார்டு முன்பே பந்தைக் கீழே போட்டார். அவர் அணியினர் குதித்துக்கொண்டிருக்க, ஆரிகன் ஆட்கள் பந்தை எடுத்து மறுமுனை வரை ஓடி டச் டவுன் போட்டுவிட்டார்கள். 14-0 ஆகியிருக்க வேண்டியது 7-7. யூட்டா அன்று 51-27 என்று தோற்றது.

படி 7: பந்தே வராத ப்ளேயில்

ரிசீவர் மற்றவருக்காகத் தடுத்தாடுகிறாரா? பந்தைச் சுமந்து ஓடும் ரன்னிங்பேக் அவர் பக்கம் வரும்போது கார்னர்பேக்கை மறித்து நிறுத்துகிறாரா, தோளை உரசிவிட்டு விலகுகிறாரா? கோட்டுக்குப் பின்னால் பிடிக்கும் பாஸ் என்றால், பந்து போய்ச் சேரும் முன்பே மற்ற ரிசீவர்கள் முன்னே போய் மறிக்க காலேஜ் விதி அனுமதிக்கிறது. அந்த ஸ்கிரீன் ப்ளேக்களின் வெற்றி தோல்வியே மறிப்பவர் கையில்தான். அடித்து வீழ்த்துவது அவசியமில்லை. எதிராளிக்கும் பந்துக்கும் நடுவில் உடம்பை வைத்து, காலை நகர்த்திக்கொண்டே இருந்தால் போதும். பார்க்காத பக்கத்திலிருந்து வந்து இடிப்பதை 2019-ல் தடைசெய்துவிட்டார்கள்.

ஜார்ஜியா டெக்கின் டெமேரியஸ் தாமஸ் ஆடிய அணி, பந்தை எறிவதே அபூர்வம் என்னும் டிரிப்பிள் ஆப்ஷன் பாணி அணி. வாரத்துக்கு வாரம் மறிக்கும் வேலைதான் அதிகம். 2009 முழுவதும் 46 கேட்ச்தான் கிடைத்தது, ஆனால் 1,154 யார்டு. அடுத்த ஏப்ரலில் டிராஃப்டில் எல்லா ரிசீவர்களுக்கும் முன்பாக, 22-ஆவதாக எடுக்கப்பட்டார்.

உயரம், எடை, வேகம்

இதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை என்பதால் கடைசிக்குத் தள்ளினேன். உயரமும் வேகமும் நல்லதுதான், யார் வேண்டாமென்றார்கள்? ஆனால் 2020-ல் அலபாமாவின் டெவான்டா ஸ்மித் ஏறத்தாழ 170 பவுண்டு, அதாவது 77 கிலோ. 117 கேட்ச், 1,856 யார்டு, 23 டச் டவுன். 1991-ல் டெஸ்மண்ட் ஹோவர்டுக்குப் பிறகு, காலேஜின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருதை வாங்கிய முதல் வைட் ரிசீவர். ஒஹாயோ ஸ்டேட்டுக்கு எதிரான தேசிய இறுதி ஆட்டத்தில் முதல் பாதியிலேயே 12 கேட்ச், 215 யார்டு, 3 டச் டவுன். கூப்பர் கப் 40 யார்டை 4.62 விநாடியில் ஓடியவர். ரிசீவருக்கு அது மெதுவான நேரம். ஈஸ்டர்ன் வாஷிங்டனில் நாலு வருடத்தில் 428 கேட்ச், 6,464 யார்டு எடுத்திருந்தார்.

எண்களை எப்படிப் படிப்பது

மொத்த யார்டுகளைப் பார்த்து மயங்காதீர்கள். அணியின் பாணி எண்களை ஊதிவிடும். 2022-ல் டென்னசியின் ஜேலின் ஹயட் அலபாமாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஐந்து டச் டவுன் பிடித்தார். அந்த வருடத்தின் சிறந்த ரிசீவருக்கான பிலெட்னிகாஃப் விருதும் அவருக்கே. ஆனால் டென்னசி அணி ரிசீவர்களை மிக அகலமாகப் பிரித்து நிறுத்தி, வேகவேகமாக ஆடும். அதில் அவருக்கு நெருங்கிய பிரஸ் குறைவு, ஓட வேண்டிய ரூட் வகைகளும் குறைவு. என்.எஃப்.எல். அணிகள் அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டன போலும். மூன்றாவது சுற்றில்தான் போனார். வேகத்தில் குறையில்லை. இரண்டாம் மூன்றாம் படிகளில் அவரை அளக்க வாய்ப்புக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

அதனால் மொத்தத்தைவிட விகிதங்கள் மேல்: எத்தனை பந்து அவரை நோக்கி வந்தது, அதில் எத்தனை பிடித்தார், அவர் ஓடிய ஒவ்வொரு ரூட்டுக்கும் சராசரியாக எத்தனை யார்டு, மூன்றாவது டவுனில் பந்து யாரைத் தேடிப் போகிறது. இதில் கடைசியானதற்கு நான் அதிக மதிப்பு கொடுப்பேன். 2025 ஜனவரி 20, தேசிய இறுதி ஆட்டம், நோட்ர டேம் நெருங்கி வந்துகொண்டிருக்கிறது, ஒஹாயோ ஸ்டேட்டுக்கு மூன்றாவது டவுனில் 11 யார்டு தேவை. பந்து போனது முதலாம் ஆண்டு மாணவரான ஜெரமையா ஸ்மித்துக்கு. தனியாகக் காத்த கார்னர்பேக்கைத் தாண்டி 56 யார்டு.

ஓர் ஆட்டத்தில் செய்து பாருங்கள்

ஒரே ஒரு ரிசீவரைத் தேர்ந்தெடுங்கள். முதல் கால்பகுதி முழுவதும் அவரைத் தவிர வேறு யாரையும் பார்க்காதீர்கள்; ஸ்கோர் போர்டில் பார்த்துக்கொள்ளலாம். ஒரு தாளில் மூன்று கட்டம் போதும்: எதிராளியிடமிருந்து விடுபட்டாரா, மறித்தாரா, பந்து வந்ததா. விடுபட்டும் பந்து வராத ப்ளேக்கள் நிறைய இருந்தால், குறை குவார்ட்டர்பேக்கிடமோ லைனிடமோ இருக்கிறது. பந்து வந்தும் விடுபடாத ப்ளேக்கள் நிறைய இருந்தால், மேலே சொன்ன அந்த எகிறிப் பிடிக்கும் ஆசாமி இவராக இருக்கலாம்.

இரண்டாம் பாதியில் எதிரணி வேறு கார்னர்பேக்கை அவர்மேல் போட்டாலோ, சேஃப்டி ஒருவரை அவர் பக்கம் சாய்த்து வைத்தாலோ, மறுபடி ஒரு கால்பகுதி பாருங்கள். முதல் பாதியில் ஓடிய அதே ரிலீஸ்களை அப்படியே திருப்பி ஓடுகிறாரா, மாற்றுகிறாரா என்று தெரியும். 30 புள்ளி வித்தியாசத்தில் ஆட்டம் முடிந்துபோன நாலாவது கால்பகுதியையும் விட்டுவிடாதீர்கள். முக்கால்வாசிப் பேர் பார்க்கிங்கை நோக்கிக் கிளம்பியிருப்பார்கள். அப்போதும் ரன்னிங்பேக்குக்காக கார்னர்பேக்கைப் பத்து யார்டு மறித்துத் தள்ளுகிறவர் யார் என்று பார்த்து, அவர் சட்டை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.